எண்ணிக்கைக்கு எட்டாத வேகம்

சூப்பர் கம்ப்யூட்டர்களைப் பற்றிய செய்திகளில் எத்தனை லட்சம் பிராஸஸர்கள் ஒன்றாக இயங்குகின்றன என்பதே பெரிதும் முழங்கப்படுகிறது. அந்த எண்ணிக்கை இரட்டித்தால் வேகமும் இரட்டித்துவிடும் என்று வாசகர் எண்ணிக்கொள்வது இயல்பே. ஆனால் 1967-ஆம் வருஷத்திலேயே ஐ.பி.எம். நிபுணர் ஜீன் ஆம்டால் இந்த நம்பிக்கைக்கு வரம்பு கட்டிவிட்டார். ஒரு காரியத்தில் நூற்றில் ஐந்து பங்கு ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யவேண்டியதாக இருக்குமானால், மீதியைப் பகிர்ந்துகொள்ள எத்தனை ஆயிரம் யந்திரங்களை நியமித்தாலும், மொத்த வேகம் இருபது மடங்கைத் தாண்டாது என்பதே அவர் வாதத்தின் சாரம். கல்யாண வீட்டில் காய் நறுக்க நூறு பேர் கூடிவிட்டதால் உலை கொதிக்கும் நேரம் குறைந்துவிடுகிறதா, என்ன?

1988-இல், அமெரிக்காவின் ஸாண்டியா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் கஸ்டாஃப்ஸன், 1,024 பிராஸஸர்களைக் கொண்டு ஆயிரம் மடங்குக்கு மேற்பட்ட வேகத்தைக் காட்டி, யந்திரம் பெரிதானால் மனிதன் கணக்கையும் பெரிதாக்கிக்கொள்வான் என்று சமாதானம் சொன்னார். நியாயமான சமாதானம்தான், ஆனால் வானிலைக் கணிப்பில் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பத்து கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்த பூமியை ஐந்து கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பிரித்தால், கட்டங்கள் நான்கு மடங்காகும். அவற்றைப் புதிய பிராஸஸர்களுக்குப் பங்கிட்டுவிடலாம். ஆனால் கட்டம் சிறுத்தால் காலத்தையும் சிறு சிறு அடிகளாக எடுத்துவைக்கவேண்டும். பொதுவாக அடிகளின் எண்ணிக்கை இரட்டிக்கும். முந்தைய கணத்தின் காற்றும் ஈரமும் தெரியாமல் அடுத்த கணத்தைக் கணிப்பதற்கில்லையாதலால், அந்த அடிகளை யாருக்கும் பங்கிட்டுக் கொடுக்க இயலாது.

போதாக்குறைக்கு, எண்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுபோகும் தாமதமும் சேர்ந்துகொள்கிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் உள்ள 'ஃப்ரான்டியர்' யந்திரம் 2022-இல், யந்திரங்களின் வேகத்தை அளக்கும் லின்பாக் சோதனையில் விநாடிக்குப் பத்தாயிரம் கோடி கோடிக் கணக்குகளைத் தாண்டிப் புகழ்பெற்றது. நினைவகத்தை ஓயாமல் நாடவேண்டிய எச்.பி.சி.ஜி. என்ற சோதனையிலோ, அதன் வேகம் லின்பாக் வேகத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். விஞ்ஞானிகளின் அன்றாடக் கணக்குகள் பல இந்த இரண்டாவது ஜாதியைச் சேர்ந்தவை என்பதைப் பத்திரிகைகள் ஏனோ சொல்வதில்லை.

ஆகவே, 2015-இல் 4,500 கோடி ரூபாய்த் திட்டமாகத் தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் இயக்கத்தைத் தொடங்கிய நம் அரசாங்கம், இனி ஒவ்வொரு யந்திரத்தையும் வாங்குமுன், நம் பருவமழைக் கணிப்பை அது எத்தனை நிமிஷத்தில் முடிக்கும் என்று ஓட்டிப் பார்த்து, அந்த நேரத்தையே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.