படம் நமது, பொறுப்பும் நமதே!

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்) மாணவி

 

நம் கல்லூரியில் ஓவியத் துறை கிடையாது. அதனால் இங்கே ஓவியர்களே இல்லை என்று எவரேனும் சொல்லத் துணிவார்களா? செய்முறை வகுப்பில் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தை ரெக்கார்டு நோட்டில் தீட்டும் கைகளைப் பாருங்கள். சூலகத்தின் ஒவ்வொரு அறையும் பென்சில் முனையில் உயிர் பெறுகிறது. மதிப்பெண் கிடைக்கிறது. பிறகு அந்த நோட்டுகள் எங்கே போகின்றன? பழைய பேப்பர் கடைக்கு, கிலோ கணக்கில்! குடத்துள் இட்ட விளக்கு என்பார்களே, அதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

முன்னாளில் கலைஞன் வெளிச்சத்துக்கு வர வேண்டுமானால் நகரத்துக்குப் போயாக வேண்டும். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய கலைப்பள்ளிதான் நெடுங்காலம் நம் பக்கத்துக்கு வாசல். திருச்சி மாவட்டத்துக் கீரம்பூரில் 1938-இல் பிறந்த கே.எம். ஆதிமூலமும் அந்த வாசல் வழியேதான் உலகறிந்த ஓவியரானார். கே.சி.எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் 1966-இல் கடற்கரை ஓரத்தில் சோழமண்டலம் என்ற ஊரையே உண்டாக்கினார்கள். கைவினைப் பொருள்களை விற்று வயிறு வளர்த்துக்கொண்டு படம் வரைந்தார்கள். இளையோர் படங்களுக்கென்று ஒரு மேடை வேண்டும் என்ற எண்ணமும் புதிதன்று. கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1949-இல் டெல்லியில் தொடங்கிய சிறுவர் ஓவியப் போட்டிக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் படங்கள் வந்தன.

இன்றோ வாசல் கைப்பேசியிலேயே இருக்கிறது. லண்டன் ராயல் அகாடமி 1769 முதல் ஆண்டுதோறும் கோடைக் கண்காட்சி நடத்தி வரும் நிறுவனம். அதுவே 2019-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று தனிக் கண்காட்சி ஒன்றைத் தொடங்கி, அவர்கள் படங்களை இணையத்தில் பெற்று, இணையத்திலேயே உலகுக்குக் காட்டுகிறது. நம் நாட்டிலும் இளையோருக்கான இணையக் கண்காட்சிகள் பல உள்ளன. மண்டப வாடகை இல்லை. சட்டம் போடும் செலவு இல்லை. பஸ் கட்டணமும் இல்லை. ஆதலின் நம் மாணவர்கள் தம் படங்களை அனுப்பியே தீர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

“படிக்கிற வேலையை விட்டு இதெல்லாம் எதற்கு?” என்பார் சிலர். “படத்தைத் திருடிவிடுவார்கள்” என்பார் வேறு சிலர். முதல் கேள்விக்கு ரெக்கார்டு நோட்டே பதில். இரண்டாவது அச்சத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட என்னால் இயலாது. ஏனெனில் நானே சூடுபட்டவள்.

சென்ற ஆண்டு அம்மா நாற்று முடிச்சுடன் வரப்பில் நிற்பதைக் கறுப்பு மையால் வரைந்தேன். ஓர் இணையக் கண்காட்சிக்கு அனுப்பினேன். “உங்களைப் பற்றி நூறு சொற்களில் எழுதுக” என்று கேட்டிருந்தார்கள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? மையைப் பற்றி எழுதவில்லை. கோட்டைப் பற்றி எழுதவில்லை. எங்கள் வீட்டுக் கடனை எழுதினேன். அப்பா இல்லாததை எழுதினேன். இரக்கப்பட்டாவது தேர்ந்தெடுப்பார்கள் என்று ஒரு கணக்கு! அடியில் ஆங்கிலத்தில் நீண்டு கிடந்த விதிகளைப் படிக்காமலே, ‘சம்மதம்’ என்ற கட்டத்தில் கட்டை விரலை வைத்தேன்.

படம் தேர்வாயிற்று. துள்ளிக் குதித்தேன். இரண்டு மாதம் கழித்து அவர்களுடைய விளம்பர அட்டையில் அதே படம் வந்தது. படம் சிறிதாக இருந்தது. எங்கள் வறுமை கொட்டை எழுத்தில் இருந்தது. சித்தி மகன் அதை அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டான். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “படம் நல்லாத்தான் இருக்கு. நம்ம கடன எதுக்குடி எழுதுன?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. எழுத்தை நீக்கும்படி கடிதம் எழுதினேன், மறுமொழி வரவில்லை. விதிகளை அப்போதுதான் படித்தேன். படத்தையும் குறிப்பையும் என்றென்றைக்கும், எவ்விதத்திலும், காசு தராமல் பயன்படுத்திக்கொள்ள நானே சம்மதித்திருந்தேன்!

என் தாத்தாவுக்கு எழுத்தறிவு கிடையாது. ஆனால் எந்தப் பத்திரத்திலும் பெருவிரலை உருட்டுமுன், ஊரில் படித்தவர் இருவரிடம் தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேட்பாராம். இருவர் சொல்வதும் ஒத்துப் போனால்தான் கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நான், படிக்காமலே விரல் வைத்தேன். எங்கள் இருவரில் கைநாட்டு யார்?

நண்பர்களே! 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் சொந்தமாகப் படம் வரைந்த அக்கணமே உரிமை அவருக்குப் பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கும். உரிமையை விற்றுவிட்டாலும், இதை வரைந்தவள் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது. ஆகவே விதிகளில் நாம் பார்க்க வேண்டியது ஒன்றே. கேட்பது குத்தகையா, கிரயமா? இந்தக் கண்காட்சியில், இன்ன காலம் வரை காட்ட அனுமதி கேட்டால் அது குத்தகை, தாராளமாகக் கொடுக்கலாம். உரிமை முழுவதையும் எழுதிக் கேட்டால் அது கிரயம், ஒதுங்கிவிடுவது நன்று. என்றென்றைக்கும் வேண்டும், எதற்கும் வேண்டும் என்று குத்தகை கேட்டாலும் அது கிரயத்துக்குப் பக்கத்து வீடே.

செய்நேர்த்தியும் வேண்டும். படத்தைப் பகல் வெளிச்சத்தில், நேரடி வெயில் படாமல், பிளாஷ் இல்லாமல், கைப்பேசியைத் தாளுக்கு நேராகப் பிடித்து எடுக்க வேண்டும். ஏ4 தாள் அளவுக்குத் தெளிவாக அச்சிட 2480-க்கு 3508 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் சுருங்காது. கைப்பேசியில் இருப்பிட வசதி திறந்திருந்தால், எடுத்த இடமும் படக்கோப்புக்குள் பதிந்துவிடக்கூடும். அதை மூடிவிட்டு எடுங்கள். நம் வீட்டு வாசலின் முகவரி படத்தோடு ஊர் சுற்ற வேண்டாம்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். அனுப்ப விரும்பும் மாணவர்களோடு அமர்ந்து அந்த ஆங்கில விதிகளைத் தமிழில் படித்துச் சொல்ல, ஆங்கிலத் துறையினர் திங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கக் கூடாதா? தாத்தாவுக்கு ஊரில் இருவர் இருந்தார்கள். எங்களுக்குக் கல்லூரியில் ஒருவராவது வேண்டாமா?

இவ்வாண்டு மீண்டும் ஒரு படம் அனுப்பப் போகிறேன். வெற்றிலை ஆயும் அம்மாவின் கைகள் அவை. இம்முறை அம்மாவிடம் காட்டினேன்; சம்மதம் கேட்டேன். எழுதிய குறிப்பையும் படித்துச் சொன்னேன். அதில் தாளும் மையும் வெற்றிலையும் மட்டுமே உண்டு, கடன் இல்லை. “ம், அனுப்பு” என்றார்.

நண்பர்களே! நம் வறுமை நம்முடைய தகுதிச் சான்று அன்று. நம் கோடுகளே தகுதிச் சான்று. படத்தில் இருப்பவரைக் கேட்டு அனுப்புவோம்; விதியைப் படித்து அனுப்புவோம். ஆனால், அஞ்சி அனுப்பாமல் மட்டும் இருந்துவிட வேண்டாம். குடத்துள் விளக்கு குன்றின்மேல் ஏறட்டும்!