கூடல் மாநகரும் சுற்றுலாத் தொழிலும்

வைகையின் தென்பால் விளங்கும் திருக்கோவிலைச் சூழ்ந்து வளர்ந்த நகரம் மதுரை. ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக அதன் தெருக்கள் அமைந்துள்ளன. 19-ஆம் நூற்றாண்டில் மாவட்ட ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து, நகரம் வளர இடங்கண்டார். இன்று அது வைகையைக் கடந்து ஆனைமலையை நோக்கிப் பரந்து செல்கின்றது.

வளரும் நகரம் முதலீட்டை நாடுவது இயல்பு. மதுரைக்கு ஏற்ற தொழில்களுள் சுற்றுலா தலையாயது என்பதில் ஐயமில்லை. பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் மாங்குடி மருதனார் மதுரைக் காஞ்சியில் விரித்துரைத்துள்ளார். தூங்கா நகரம் என்னும் பெயரும் இன்றளவும் வழங்குகின்றது. ஆயினும், இந்நகரைக் காண வருவோருள் பலர் இங்கு ஓர் இரவேனும் தூங்காமலே சென்றுவிடுகின்றனர்! காலையில் கோவிலைக் கண்டு, நண்பகலில் உணவருந்தி, மாலையில் இராமேசுவரத்திற்கோ கொடைக்கானலுக்கோ வண்டியேறி விடுகின்றனர்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. பகலில் வந்து செல்வோர் ஒரு முழம் மல்லிகையும் ஒருவேளை உணவும் வாங்குவர். இரவு தங்குவோரின் பணமோ விடுதிப் பணியாளர், வண்டியோட்டி, வழிகாட்டி, சுங்குடிச் சேலை விற்போர், பால்கடைக்காரர் எனப் பலர் கைக்குச் சென்று சேரும். ஆதலின் முதலிட விழைவோர், எத்தனை அறைகள் கட்டலாம் என்று கணக்கிடுமுன், வந்தவர் மற்றோர் இரவு தங்குதற்குரிய காரணம் யாது என்று எண்ணுதல் வேண்டும்.

காரணங்களுக்குக் குறைவில்லை. நண்பகலில் கோவில் நடை சாத்தப்படும். மாலையில் திறக்கும் வரை, வெயிலில் வாடும் பயணிகள் மண்டப நிழலையும் கடைவாயிலையும் தேடி அலைகின்றனர். அந்நேரத்தில் அவர்கள் காணத்தக்க இடங்கள் அருகிலேயே உள்ளன. காந்தியடிகள் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் அரையாடை பூண்டது மேல மாசி வீதியிலே. இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் 1959-இல் தொடங்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகம் உள்ளது. இரவிலோ, சொக்கநாதப் பெருமானின் திருவடிகளைப் பல்லக்கில் ஏந்தி மீனாட்சியம்மையின் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும் வழிபாடு நாள்தோறும் நிகழ்கின்றது. மாலையிலே வண்டியேறியவர் அதனைக் காணார். மறுநாட் காலையில், 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடிக்குச் சென்றால், 2023-இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில் பழந்தமிழர் நகர வாழ்வைக் காணலாம். இவ்விடங்களை இணைக்கும் நல்ல வண்டிகளும், பன்மொழி அறிந்த வழிகாட்டிகளும், தூய கழிப்பிடங்களும் அமைப்பதே தக்க முதலீடு ஆகும். கழிப்பிடம் என்றவுடன் சிலர் நகைக்கக்கூடும். குழந்தைகளோடும் முதியோரோடும் பயணம் செய்தவர் நகையார்.

பழமையைக் காத்தலும் முதலீடே. திருமலை நாயக்கர் அரண்மனை ஒருகாலத்தில் இடிந்து சிதைந்து கிடந்தது. சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு அதனைப் பயனற்ற இடிபாடு என்று தள்ளாமல், 1866 முதல் 1872 வரையிலான தம் ஆட்சிக் காலத்தில் பழுது பார்க்கச் செய்தார். அன்று செலவிட்ட பொருளின் பயனை இன்றும் நகரம் நுகர்கின்றது.

இவ்வறிவு வைகையின்பால் இன்னும் செல்லவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் அணையினின்று நீர் வருகின்றது. மற்றைப் பல நாட்களில் கழிவுநீரே கண்ணிற் படுகின்றது. கரையிலே மாளிகை போன்ற விடுதி கட்டினும், அதன் சாளரத்தைத் திறக்க எவர் விரும்புவர்?

நகருக்கு வடகிழக்கே உள்ள அரிட்டாபட்டியின் நிலையும் சிந்திக்கத்தக்கது. அங்குள்ள குன்றுகளிலே தமிழி எழுத்துக் கல்வெட்டும், சமணர் படுக்கைகளும், குடைவரைக் கோவிலும் உள்ளன. வல்லூறுகள் கூடு கட்டுகின்றன. 2022-இல் அவ்விடம் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டிற்குள், அதனையும் உள்ளடக்கிய நிலப்பரப்பு டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்காக ஏலம் விடப்பட்டது. சுற்றுவட்டார மக்கள் திரண்டெழுந்து எதிர்த்தமையால், 2025-ஆம் ஆண்டு சனவரியில் நடுவணரசு அவ்வேலத்தை நீக்கியது. கனிமமும் செல்வமே, எனினும், அகழ்ந்தெடுத்த குன்று மீண்டும் வளர்வதில்லை. சுற்றுலாவும் அளவு கடந்தால் அதே தீங்கைச் செய்யும். குன்றின் அடியில் விடுதிகள் எழுந்து, இரவெல்லாம் விளக்கும் ஒலியும் பெருகினால், வல்லூறு அங்குத் தங்குமா? விடுதிகள் நகரத்திலேயே அமையட்டும். குன்றைக் காண வருவோரைச் சிறு குழுக்களாக அழைத்துச் செல்லும் பணியும், அவர்க்கு உணவளிக்கும் பணியும், அவற்றால் வரும் ஊதியமும் அதனைக் காத்து நின்ற ஊராருக்கே உரியன.