புள்ளியும் முகவரியும்

ஆபத்து வேளையில் கைத்தொலைபேசிச் செயலியைத் திறந்து, நிற்கும் இடத்தைப் புள்ளியாக அனுப்பிவிட்டால் உதவி தேடி வரும் என்ற உபதேசம் இன்று மலையகத் தோட்டங்களுக்கும் தாராளமாக வழங்கப்படுகின்றது. இனி முகவரியே வேண்டியதில்லை என்பாரும் உளர். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக முகவரி மறுக்கப்பட்ட சமூகத்திடம் இதனைக் கூறுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

லயன் அறைக்குத் தெருப்பெயர் கிடையாது. அங்கு வாழ்வோரின் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, கைமாறிக் கைமாறி, சில வேளைகளில் நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்த பின்னரே உரியவரை அடையும். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக 1990 என்ற இலக்கத்துக்கு அழைப்பவர் சொல்வது தொழிலாளர் வழங்கும் தமிழ்ப்பெயர். வரைபடத்தில் உள்ளதோ டன்சினன், ஹொலிரூட் என வெள்ளைத் துரைமார் இட்டுச் சென்ற பெயர். இந்நிலையில் புள்ளி பயன்தரும் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயின் அதன் இயல்பையும் அறிதல் வேண்டும். செய்மதியிலிருந்து இடத்தை அறியத் தொலைபேசிக்கு வலையமைப்புத் தேவையில்லை. அறிந்ததைப் பிறருக்கு அனுப்பவே அது தேவை. பள்ளத்தாக்கு லயனில் அது கிட்டாதபோது, அழைப்பவர் மேட்டுக்கு ஏறுகின்றார். அங்கிருந்து அவர் அனுப்பும் புள்ளி மேட்டைக் காட்டும். நோயாளியோ கீழே கிடப்பார். புள்ளி சரியாகவே இருப்பினும், பாதை முடியும் இடத்தில் நோயாளர் காவு வண்டி நின்றுவிடும். (கொழுந்து ஏற்றும் லொறி நாள்தோறும் தவறாமல் வந்து சேர்கின்றது. அதற்கு எவரும் புள்ளி அனுப்புவதில்லை.) 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் அற்றுப்போயின. அவ்விடங்களில் செயலி என்ன செய்திருக்கும்?

இதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயன்களை மூடியது. அவ்விடம் எவருக்கும் தெரியாத இடமன்று. மண்சரிவு அபாயம் பற்றி 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. இடம் துல்லியமாகத் தெரிந்திருந்தும் மக்கள் அங்கேயே விடப்பட்டிருந்தனர். புதையுண்டோர் எத்தனை பேர் என்பதிலோ முதல் நாட்களில் நூற்றுக்கணக்கில் வேறுபட்ட தொகைகள் சொல்லப்பட்டன. மலையைக் குறித்து வைத்தவர்களிடம் மனிதரின் கணக்கு இருக்கவில்லை.

புள்ளி அனுப்பும் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் ஏற்றிவிட்டு அரசும் கம்பனிகளும் ஒதுங்குதல் ஆகாது. லயன் தோறும், அறை தோறும் இலக்கம் இடப்படல் வேண்டும். தோட்டப் பிரிவுகளின் தமிழ்ப்பெயர்கள் பிரதேச செயலகப் பதிவிலும் 1990 சேவையின் பதிவிலும் ஆங்கிலப் பெயர்களின் அருகே இடம்பெறல் வேண்டும். அபாயம் எனக் குறிக்கப்பட்ட லயன்களில் வாழ்வோருக்கு வேறிடத்தில் காணியும், அதற்கான உறுதிப்பத்திரமும் வழங்கப்படல் வேண்டும். தோட்டங்களுக்குள் வேலை செய்யச் சட்டம் இடந்தரவில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் கூறிவந்தன. அச்சட்டம் 2018 இலேயே திருத்தப்பட்டுவிட்டது.