துணைக்கு வந்த படை

செஞ்சிக்கு வருவோர் தேசிங்கின் கதையைக் கேட்கின்றனர். முகலாயரை எதிர்த்து மராத்தியர் 1698 வரை தாங்கிய நெடிய முற்றுகையையும் கேட்கின்றனர். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், நாயக்கர் கையினின்று இக்கோட்டை நழுவிய கதையைக் கேட்பார் அரியர். தமிழன்பர்கள் கருத்தூன்ற வேண்டியது அக்கதையே.

மதுரைத் திருமலை நாயக்கர் வேலூர்ப் பேரரசன் மூன்றாம் சீரங்கனுக்கு அடங்க மறுத்தார். அவன் படைக்கு அஞ்சி, அவன் நாட்டைத் தாக்குமாறு கோல்கொண்டாவை அழைத்தார். வந்த படை வேலூரோடு நின்றதா? செஞ்சியை வளைத்தது. செஞ்சியோ மதுரைக்கு நட்பரசு. நட்பரசைக் காக்க எழுந்தது குற்றமன்று. எழுந்த முறையே கேடு! பெரும்பொருள் கொடுத்துப் பீசப்பூரின் குதிரைப்படை 17,000 பேரை விலைக்கு வாங்கினார். தம் காலாள் 30,000 பேரோடு செஞ்சிக்கு விரைந்தார். வந்து சேர்ந்ததும் பீசப்பூர்ப் படை பகைவனோடு கைகோத்தது. பின்னர்க் கோல்கொண்டா விலக, முற்றுகை முழுவதும் 'துணைவன்' கைக்கே போயிற்று. தமிழ்–போர்த்துகீசிய அகரமுதலி தொகுத்த புரோயென்சா அடிகள் 1659இல் எழுதிய மடல் இதைச் சொல்கிறது. கோட்டைக்குள் மதுரைப் படையும் செஞ்சிப் படையும் தம்முள் பூசலிட்டன என்றும் அதுவே சொல்கிறது. மலை மூன்றும் மதிலும் அகழியும் இருந்தென்ன? 1649 அளவில் செஞ்சி வீழ்ந்தது. அடுத்துத் தஞ்சையும் மதுரையும் திறை கட்டின.

நாயக்கர் தமிழரல்லர், அவர் தோல்வி நமக்கென்ன என்பார் உளர். திறைப்பொருள் எந்த உழவன் களத்திலிருந்து போயிற்று என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஈழத்திலும் இதனையே கண்டோம். 1987 சூலை 29இல் உடன்பாடு; காக்க வருகிறோம் என்று சொல்லி இந்தியப் படை இறங்கியது; மக்கள் வரவேற்றனர். அக்தோபரில் அதே படை போர் தொடுத்தது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1990 மார்ச்சில்தான் அப்படை வெளியேறியது. பீசப்பூர் பொன்னுக்கு வந்தது. தில்லி தன் வல்லாண்மைக்கு வந்தது. அழைத்தவன் நலன் இரண்டிலும் கடைசியிலேயே நின்றது.

2025இல் செஞ்சி உலக மரபுப் பட்டியலில் ஏறிற்று, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக. ஏறட்டும். மலையடிவாரப் பலகையில் 1649க்கும் நான்கு வரி, நல்ல தமிழில், பொறிக்கப்பட வேண்டும். அதைத் தமிழக அரசிடம் கேட்டுப் பெறுவது செஞ்சி வட்டத்துத் தோழர்களின் உடனடிப் பணி.