அத்தையிடம் ‘அன்ஃபாலோ பண்ணுங்க’ என்று எப்படிச் சொல்வது?

எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான். சேலையூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு என்று வைத்துக்கொள்வோம். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு கோவளம் கடற்கரைக்குப் போனவள், அங்கிருந்தே ஒரு போட்டோவை இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். அவள் வீடு திரும்புவதற்குள் பெருங்களத்தூர் அத்தை எடுத்த ஸ்கிரீன்ஷாட், சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. ‘பக்கத்துல நிக்கிற பையன் யாரு?’ வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு. அன்று ராத்திரி அங்கே யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கோபத்தில் அவள் ஒரு ஸ்டோரி போட்டாள். ‘என் போஸ்ட் பிடிக்காதவங்க தாராளமா அன்ஃபாலோ பண்ணிட்டுப் போகலாம். நன்றி!’ கூடவே ஒரு கும்பிடு எமோஜி.

அத்தை அதைப் பார்க்கவே இல்லை. பார்த்தவர் மாடி வீட்டு அக்கா. எந்த போட்டோ வந்தாலும் முதல் ஆளாக ஹார்ட் போடுகிறவர். இவர்கள் வீட்டு ஸ்பேர் சாவி அவரிடம்தான் இருக்கும். முந்தின வாரம்தான் ஒரு போட்டோவுக்குக் கீழே ‘கொஞ்சம் இளைச்சிட்டியே’ என்று எழுதியிருந்தார். ‘நம்மளைத்தான் சொல்றா’ என்று முடிவுகட்டி அன்ஃபாலோ செய்தார். மறுநாள் காலை சாவியையும் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

பொத்தாம்பொதுவாகப் போடும் ஸ்டேட்டஸில் இதுதான் சிக்கல். ஒருவருக்காக எழுதுவதை முந்நூறு பேர் படிக்கிறார்கள். யாரை மனதில் வைத்து எழுதினோமோ, அவருக்கு அது உறைப்பதே இல்லை. கொஞ்சம் கூச்ச சுபாவம் உள்ளவர்கள்தான் முதலில் எழுந்து போகிறார்கள்.

பொதுவில் சொல்லியும் மரியாதை கெடாத உதாரணம் ஒன்று தமிழ்நாட்டிலேயே உண்டு. 2011 ஏப்ரல் 29 அன்று, தன் 40-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு, நடிகர் அஜித்குமார் தன் பெயரிலான ரசிகர் மன்றங்களைக் கலைப்பதாக அறிக்கை விட்டார். ரசிகர்களைத் தன் சுயலாபத்துக்குப் பயன்படுத்த விருப்பமில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஜாடை பேசவில்லை, காரணத்தோடு நேராகச் சொன்னார். மன்றம் போனது, ரசிகர்கள் போகவில்லை. குரோம்பேட்டை வெற்றி தியேட்டர் பக்கம் அவர் பட ரிலீஸ் நாளில் போய்ப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

ஆனால், அவருக்கு ஒரு வசதி. கலைந்துபோன மன்றத்தின் தலைவரோடு மறுநாள் கேம்ப் ரோடு ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க உட்கார வேண்டியதில்லை. நமக்கு அப்படியா? அன்ஃபாலோ பண்ணச் சொன்னவர் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பார். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் செடி வாங்கிக்கொண்டிருப்பார். காலை 8 மணி பீச் ரயிலில் அதே பெட்டியில் ஏறுவார்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, கேட்கத்தான் வேண்டுமா என்பதை. முகம் தெரியாதவர், எப்போதோ கூடப் படித்தவர் என்றால் கேட்கவே தேவையில்லை. இன்ஸ்டாகிராமில் ஃபாலோயர்ஸ் பட்டியலில் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே நீக்கும் பட்டன் இருக்கிறது. அவருக்கு நோட்டிஃபிகேஷன் போகாது. கணக்கு பப்ளிக்காக இருந்தால் அவர் திரும்ப வந்துவிடலாம். பிரைவேட் ஆக்கிவிட்டால் உங்கள் அனுமதி இல்லாமல் முடியாது. ட்விட்டரிலும் 2021 அக்டோபரில் இந்த வசதி வந்தது. அதற்கு முன்பு, பிளாக் பண்ணி உடனே அன்பிளாக் பண்ணுகிற தந்திரம்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யார் பார்க்கக் கூடாது என்று தனித்தனியாகக் குறிக்கலாம். இன்ஸ்டாவில் ‘குளோஸ் ஃபிரெண்ட்ஸ்’ பட்டியல் போட்டுக்கொண்டால், கோவளம் போட்டோ பெருங்களத்தூருக்குப் போகவே போகாது.

பின்தொடர்ந்து தொல்லை தருகிறவர், முறிந்துபோன உறவை விடாதவர், மிரட்டுகிறவர் ஆகியோரிடம் இந்த நாகரிகம் எதுவும் வேண்டாம். ‘ப்ளீஸ், அன்ஃபாலோ பண்ணுங்க’ என்று கெஞ்சுவதே அவர்களுக்குப் பேச ஒரு சாக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள். அப்படியும் தொடர்ந்தால் பெண்களுக்கான 181 உதவி எண் இருக்கிறது. 2022 ஜனவரி முதல் தாம்பரத்துக்கென்று தனிக் காவல் ஆணையரகமும் இருக்கிறது.

சிரமம் நெருங்கிய உறவில்தான். சத்தமில்லாமல் நீக்கினால் அத்தை எப்படியும் கண்டுபிடிப்பார். ‘உன் போட்டோவே இப்பல்லாம் வர்றதில்லையே’ என்று அடுத்த கல்யாண வீட்டில், பந்தியில், எல்லோர் முன்னாலும் கேட்பார். மெசேஜில் எழுதுவதும் வேண்டாம். எழுத்தில் குரல் கிடையாது. அத்தை அதைப் பத்து முறை படிப்பார், நாலு பேருக்குக் காட்டுவார். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தெரிந்தவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது! அம்மாவை விட்டுச் சொல்லச் சொன்னால், அது நாத்தனார் சண்டையாக மாறிவிடும். போன் போட்டு, தானே பேசுவதுதான் ஒரே வழி.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. யாராவது உங்களிடம் இப்படிக் கேட்டால், ‘ஏன், என்ன மறைக்கிறே?’ என்று குடையாதீர்கள். முகம் தெரியாத பெயரில் இன்னொரு கணக்கு தொடங்கி எட்டிப் பார்ப்பது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

சேலையூர்ப் பெண் முதலில் மாடிக்குப் போனாள். ‘அது உங்களுக்குப் போட்டது இல்லக்கா’ என்று சொல்லி முடிப்பதற்குள் இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. சாவி பழைய இடத்துக்குத் திரும்பியது. அதன் பிறகு அத்தைக்கு போன்.

“அத்தை, அந்த இன்ஸ்டா ஆபீஸ் பசங்களுக்காக வெச்சிருக்கேன். அதுல இருந்து போட்டோ எடுத்து குரூப்ல போட்டதுல வீட்டுல பெரிய சண்டையாயிடுச்சு. எனக்குக் கஷ்டமா இருக்கு. அதை நீங்க அன்ஃபாலோ பண்ணிடுங்களேன். வீட்டு விசேஷ போட்டோ எல்லாம் நானே உங்களுக்குத் தனியா அனுப்புறேன்.”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. “நீ ஊருக்கே காட்டத்தானே போட்டேன்னு நினைச்சேன்” என்றார் அத்தை. பிறகு, “அந்த அன்ஃபாலோ எங்கே இருக்குன்னு எனக்கு என்னம்மா தெரியும்? ஞாயித்துக்கிழமை வா, நீயே பண்ணிக் குடு. மதியம் இங்கேயே சாப்பிட்டுப் போகலாம்.”