லேடீஸ் செருப்பைப் பார்த்துச் சிரிச்சோமே, அந்தச் சிரிப்பு யார் மேல விழுந்துச்சு?



வழக்கமா இந்தப் பக்கத்துல வர்ற மாதிரி எதிர்த்தரப்பைத் தாக்குற பதிவு இல்லை இது. நம்மளை நாமே, அதுலயும் முதல்ல என்னை நானே கேள்வி கேட்டுக்குற பதிவு. அஞ்சு நிமிஷம் ஒதுக்கி முழுசா படிச்சிடுங்க. அப்புறம் கமெண்ட்ல வந்து திட்டுங்க, தப்பே இல்லை.

போன மழைக்காலத்துல நடந்தது. மாடம்பாக்கத்துல எங்க பக்கத்துத் தெருவுல நாலு நாளா தண்ணி வடியலை. மாற்றுக் கட்சிக்காரங்க ஒரு இருபது பேர் ரோட்டுல இறங்கி மறியல் பண்ணாங்க. அதுல முன்வரிசையில நின்ன ஒரு அண்ணன், வயசு ஐம்பத்தஞ்சு இருக்கும், வெள்ளை வேட்டி, தோள்ல கட்சித் துண்டு, கால்ல ஊதா கலர் லேடீஸ் செருப்பு. வார் மேல சின்னதா ஒரு பூ வேற.

யாரோ போட்டோ எடுத்து நம்ம குரூப்ல போட்டாங்க. "தம்பி, சும்மா விடாத"ன்னு ஒரு மெசேஜ். நான் விடலை. பத்தே நிமிஷம். செருப்பைச் சுத்தி சிவப்பு வட்டம், பக்கத்துல ஒரு காமெடி டெம்ப்ளேட், மேல "வீரத் தளபதியின் பாதங்கள்"னு ஒரு வரி. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம்னு எல்லா ஏரியா குரூப்லயும் சுத்துச்சு. ராத்திரிக்குள்ள எனக்கே அது அஞ்சு பேர்கிட்ட இருந்து திரும்பி வந்துச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல விரும்பலை.

பெருமையா எங்க அம்மாகிட்ட காட்டினேன். அம்மா சிரிக்கலை. போனைத் தள்ளிப் பிடிச்சுப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏன்டா, நான் எத்தனை வருஷமா உங்க அப்பா செருப்பைப் போட்டுக்கிட்டு ரேஷன் கடைக்குப் போறேன். என்னை ஒருத்தனும் போட்டோ எடுக்கலையே?"

என்கிட்ட பதில் இல்லை. இந்தப் பதிவே அந்தக் கேள்வியில இருந்து வந்ததுதான்.

யோசிச்சுப் பாருங்க தோழர்களே. காலையில தெரு கூட்ட வர்ற அக்கா கால்ல ஆம்பளைங்க ஷூ. பூக்கார அம்மா கால்ல மகனோட பழைய செருப்பு. காலேஜ் போற தங்கச்சி கையில அண்ணனோட வாட்ச், மேல அண்ணனோட சட்டை. யாராவது சிரிக்கிறோமா? இல்லை. "சிக்கனம்"ங்கிறோம், "தைரியமான பொண்ணு"ங்கிறோம். அதே வீட்டுல ஒரு ஆம்பளை, வாசல்ல கிடந்த மனைவி செருப்பை மாட்டிக்கிட்டு பால் பாக்கெட் வாங்கப் போனா மட்டும் தெருவே திரும்பிப் பார்க்குது.

நான் இன்ஜினியரிங் படிச்சவன். ரெண்டு பக்கமும் சமம்னா, இடது பக்கத்தை வலது பக்கம் மாத்தினாலும் விடை மாறக் கூடாது. இங்க விடை மாறுதே! அப்போ நம்ம மனசுல ரெண்டு பக்கமும் சமமா இல்லைன்னுதான அர்த்தம்? பெண் ஆணோட பொருளை எடுத்தா அது ஏத்தம், ஆண் பெண்ணோட பொருளை எடுத்தா அது இறக்கம். நாம சிரிச்சது செருப்பைப் பார்த்து இல்லை. "பெண்ணுடையது, அதனால மட்டம்"ங்கிற கணக்கை வெச்சுத்தான் சிரிச்சோம். அந்த அண்ணன் ஒரு சாக்கு. அடி விழுந்தது எங்க அம்மா மேல, உங்க அம்மா மேல.

சரி, எது ஆம்பளை செருப்பு, எது பொம்பளை செருப்புன்னு யார் முடிவு பண்ணது?

இன்னைக்குப் பெண்களுக்குன்னே நினைக்கிற ஹை ஹீல்ஸை எடுத்துக்கோங்க. சேணத்துல கால் வைக்கிற வளையம் நழுவாம இருக்க பாரசீகக் குதிரைப்படை வீரர்கள் போட்டது அது. அங்க இருந்து ஐரோப்பாவுக்குப் போய் ராஜாக்கள் கால்ல ஏறுச்சு. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி சிவப்புக் குதிகால் வெச்ச ஷூ போட்டு நிக்கிற ஓவியம், 1701-ல வரைஞ்சது, இன்னைக்கும் பாரிஸ்ல இருக்கு. அரசவைப் பிரபுக்களுக்கு அது அதிகாரத்தோட அடையாளம். 18-ம் நூற்றாண்டுலதான் ஆம்பளைங்க அதைக் கழட்டிப் போட்டாங்க. அப்புறம் அது "பொம்பளைங்க சமாச்சாரம்" ஆயிடுச்சு.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம கொள்ளுத் தாத்தாக்கள் போட்டோ வீட்டுல இருந்தா எடுத்துப் பாருங்க. காதுல கடுக்கன், தலையில குடுமி. அன்னைக்கு அது மரியாதை. இன்னைக்கு அதே கோலத்துல ஒரு பையன் தாம்பரம் ஸ்டேஷன்ல நின்னா என்ன பேர் வெப்போம்னு உங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு. சென்னை ராயப்பேட்டையில அ.தி.மு.க. தலைமை அலுவலகம் இருக்கிற ரோட்டுப் பேரு என்ன? அவ்வை சண்முகம் சாலை. நாடகக் கலைஞர் டி.கே.சண்முகம் மேடையில ஔவையார் வேஷம் கட்டி நடிச்சார். அந்தப் பாட்டி வேஷமே அவருக்குப் பட்டமாச்சு, ரோட்டுக்கும் பேராச்சு. பெண் வேஷம் கட்டினதால அவர் மரியாதை ஒரு இஞ்சாவது குறைஞ்சுதா? மேடையில கைதட்டுற நாமதான் தெருவுல கல்லெறியிறோம்.

கால்ல என்ன போடணும்னு அடுத்தவன் முடிவு பண்றது இந்த மண்ணுல சின்ன விஷயமும் இல்லை. 2023 டிசம்பர்ல திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூர்ல என்ன நடந்துச்சு? ஆதிக்க சாதியினர் தெருவுல பட்டியலின மக்கள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாதுங்கிற தடையை மீறி, சுமார் 60 பேர் செருப்போட அந்தத் தெருவுல நடந்தாங்க. தெற்கே தோள்சீலை உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859-லதான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்துச்சு. ஒரு மீமையும் அந்தக் கொடுமைகளையும் ஒரே தராசுல வைக்கலை. ஆனா "உன் உடம்புல எது இருக்கணும்னு நான் சொல்வேன்"ங்கிற திமிர் எங்க இருந்து வருதுன்னு நமக்குத் தெரியாதா? பெண்கள் முடியை வெட்டிக்கட்டும், ஆண்களைப் போல உடுத்தட்டும்னு பெரியார் பேசின ஊர் இது. அதுல பாதியைத்தான் ஏத்துக்கிட்டோம். மறுபாதிக்கு இன்னும் சிரிக்கிறோம்.

இப்போ நம்ம அரசியல் மேடைக்கு வருவோம். எதிரியைக் கோழைன்னு சொல்லணுமா? வளையல் அனுப்புவோம். ராஜினாமா கேட்கணுமா? சேலையை எடுத்து நீட்டுவோம். இதை எல்லாக் கட்சியும் பண்ணியிருக்கு. நம்ம கமெண்ட் பாக்ஸ்லயும் "பொட்டை", அந்த நம்பர் பேருன்னு தினமும் விழுது. நாம டெலீட் பண்றதும் இல்லை.

உள்ளாட்சியில பெண்களுக்கு 50 சதவீதம்னு 2016-ல சட்டம் போட்ட மாநிலம் இது. நம்ம மாடம்பாக்கம் பேரூராட்சி 2021-ல தாம்பரம் மாநகராட்சியோட சேர்ந்துச்சு. அதோட மேயர் நாற்காலியில 2022-ல உட்கார்ந்தது ஒரு பட்டியலினப் பெண். தேர்தல் வந்தா வீடு வீடா ஏறி "சகோதரிகளே"ன்னு கும்பிடுறோம். ஓட்டுக் கேட்கும்போது தெய்வம், திட்டும்போது அசிங்கமா? ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும்.

இந்தச் சிரிப்பை இன்னும் ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. நம்ம பக்கத்தை ஃபாலோ பண்ற ஒரு பிளஸ் டூ பையன். தனக்குள்ள என்ன நடக்குதுன்னு வீட்டுல சொல்ல முடியாம இருக்கிற பையன். 2008-லயே திருநங்கையர் நல வாரியம் அமைச்ச மாநிலம் நம்மளது. 2014-ல உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரிச்சுச்சு. 2021-ல சென்னை உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவைத் தொடர்ந்து, பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாதுன்னு 2022-ல காவலர் நடத்தை விதியிலயே சேர்த்தாங்க. போலீசுக்கே விதி இருக்கு தோழர்களே, நம்ம ஐ.டி. விங்குக்கு இருக்கா? அந்தப் பையன் நம்ம மீமைப் பார்த்துட்டு, "இந்தக் கட்சியில எனக்கு இடமில்லை"ன்னு முடிவு பண்ணியிருந்தா அந்த இழப்பு யாருக்கு?

"அரசியல்னா நக்கல் இருக்கத்தான் செய்யும், ரொம்ப நல்லவன் வேஷம் போடாத"ன்னு சில தோழர்கள் சொல்வீங்க. நக்கல் வேணாம்னு நானும் சொல்லலை. அது நம்ம ஆயுதம். ஆனா எதை நக்கல் பண்றோம்? வாக்குறுதியைப் பண்ணுங்க. பாதியில நின்ன மழைநீர் வடிகாலைப் பண்ணுங்க. ஏரியை விட்டுட்டு பேனர்ல காட்டுற வளர்ச்சியைப் பண்ணுங்க. கால்ல இருக்கிறதைப் பண்ணா, நம்மகிட்ட வேற விஷயம் இல்லைன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி.

அந்தப் போட்டோவை நேத்து திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் போட்ட சிவப்பு வட்டத்துக்கு வெளியே என்ன இருந்துச்சு தெரியுமா? முழங்கால் வரைக்கும் சாக்கடை கலந்த தண்ணி. பின்னாடி ஒரு வீட்டு வாசல்ல மணல் மூட்டை அடுக்கி வெச்சிருக்காங்க. அது நம்ம தெருவு தோழர்களே, நம்ம ஓட்டர் வீடு. ஆயிரம் பேர் அந்தப் படத்தைப் பார்த்தாங்க, ஒருத்தரும் தண்ணியைப் பார்க்கலை. பார்க்க விடாம பண்ணது நான்.

அந்த அண்ணன் ஏன் அந்தச் செருப்பைப் போட்டிருந்தார்னு பிறகுதான் தெரிஞ்சுது. சர்க்கரை. கால் விரல்ல புண், பாதம் வீங்கியிருந்துச்சு. வீட்டுல இருந்ததுலயே மெத்துனு இருந்தது அவங்க வீட்டுக்காரம்மா செருப்புதானாம். மீம் சுத்தினதுக்கு அப்புறம் அதைக் கழட்டிட்டு, கெட்டியான ஜென்ட்ஸ் பெல்ட் செருப்பு வாங்கிட்டாராம். சர்க்கரைப் புண் இருக்கிற கால்ல வார் உரசினா என்ன ஆகும்னு வீட்டுல சர்க்கரைக்காரங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். ரெண்டு வாரம் கழிச்சு கேம்ப் ரோட்டுல ஷேர் ஆட்டோ ஏறும்போது பார்த்தேன். நொண்டிக்கிட்டு இருந்தார். கிட்ட போய், "அண்ணே, அந்த மீம் நான்தான் பண்ணேன், மன்னிச்சிடுங்க"ன்னு சொன்னேன்.

"பரவாயில்ல தம்பி, பசங்க சிரிச்சாங்க, அவ்வளவுதான"ன்னார். என் முகத்தைப் பார்க்கலை.

ஆனா இதைப் படிச்சுட்டு "ஐயோ பாவம், புண்ணாம்"னு மட்டும் முடிச்சிடாதீங்க. புண்ணே இல்லைன்னு வைங்க. அவசரத்துல மாட்டினார்னு வைங்க. இல்லை, அந்த ஊதா கலர் பிடிச்சுப் போட்டார்னே வைங்க. அப்பவும் அது அவர் கால், அவர் செருப்பு. மன்னிப்புக் கேட்க ஒரு மெடிக்கல் ரிப்போர்ட் தேவைன்னா அது மன்னிப்பே இல்லை.

அதனால நம்ம அணித் தோழர்களுக்கு என்னோட வேண்டுகோள் மூணு.

1. செருப்பு, சேலை, வளையல், பொட்டு - இதையெல்லாம் வசவா வெச்சு இனி ஒரு போஸ்டரும் வேண்டாம்.
2. நம்ம பக்கத்துல அந்த மாதிரி கமெண்ட் விழுந்தா, போட்டது நம்ம ஆளா இருந்தாலும் உடனே நீக்குவோம்.
3. மாற்றுக் கட்சிக்காரர் போட்டோ கையில கிடைச்சா, ஆளைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அவர் நிக்கிற தெருவைப் பார்ப்போம்.

என் போன்ல இருந்து அந்த மீமை நீக்கிட்டேன். உங்ககிட்ட யார்கிட்டயாவது இன்னும் இருந்தா நீங்களும் நீக்கிடுங்க. தெருவுல தண்ணி நின்ன ஒரிஜினல் போட்டோ மட்டும் பத்திரமா இருக்கு. அடுத்த மழைக்கு முன்னாடி அதை எடுத்துக்கிட்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போறோம். வர்ற தோழர்கள் கமெண்ட்ல பேர் போடுங்க. எந்தச் செருப்புப் போட்டு வந்தாலும் சரி.

- தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர், மாடம்பாக்கம்

#தெருவைப்_பார்ப்போம் #மாடம்பாக்கம் #தாம்பரம்