தவளையை எறியும் முன்

சுபஹு தொழுத கையோடு மச்சானும் நானும் மோட்டார் சைக்கிளில் வீரமுனைக்குப் புறப்பட்டோம். வட்டைக்குள் ஒரு சின்னக் குளம். இந்தக் கரையில் நின்று கல்லெறிந்தால் அந்தக் கரையில் விழும். பாதித் தண்ணீரை அல்லியும் தாமரையும் மூடியிருந்தன. வாய்க்கால் வந்து சேரும் மூலையில் ஆற்றுவாழை. கத்தாரிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சான் ஒரு பெட்டி நிறைய செயற்கை இரை கொண்டுவந்திருந்தார். ரப்பர்த் தவளை, ரப்பர்ப் புழு, தகடு சுழலும் இரை, மரத்தில் கடைந்த குட்டி மீன். அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து வந்த ஆசை அது.

பாஸ் நமது குளங்களில் இல்லை. அதன் இடத்தில் நமக்கு விரால் இருக்கிறது. இரண்டும் பதுங்கி வேட்டையாடும் மீன்கள்; இலை நிழலில் அசையாமல் கிடந்து, தவளையோ குஞ்சு மீனோ அருகில் வந்ததும் பாயும். அதனால் பாஸுக்குச் செய்த இரை விராலுக்கும் செல்லும். விராலுக்கு இன்னொரு குணம் உண்டு. தண்ணீரில் கரைந்த காற்று மட்டும் அதற்குப் போதாது. இடைக்கிடை மேலே வந்து வாயால் காற்றெடுத்தே தீரவேண்டும். அந்த நேரம் இலைகளுக்கு நடுவே ஒரு வளையம் விரியும். அதைக் கண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது.

மச்சான் வந்ததும் வராததுமாக நடுக்குளத்துக்குத் தகட்டு இரையை வீசினார். ஒன்றுமில்லை. வரம்பில் மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெரியவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நடுவுக்கு ஏன் எறியிறீங்க? மீன் உங்கட காலடியில நிக்கிது. நீங்க நடந்து வந்த சத்தத்துலயே அது போயிருக்கும்.”

“அப்ப என்ன செய்யிற ஐயா?”

“ரெண்டு எட்டுப் பின்னுக்கு நில்லுங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க.”

பெட்டியில் எத்தனை இரை இருந்தாலும் சின்னக் குளத்தில் முதல் பாடம் இதுதான். கரையதிர்வும் நம் நிழலும் மீனுக்கு உடனே தெரியும். ஆகவே கரையோரத்தை முதலில் தேட வேண்டும், நடுவைக் கடைசியில். எந்த இரை என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். இலை மூடிய இடத்தில் ரப்பர்த் தவளையை விட்டால் வேறில்லை. அதன் இரட்டைக் கொக்கி முதுகோடு ஒட்டியிருப்பதால் இலையில் சிக்காது. மீன் கவ்வும்போது உடல் நசுங்கிக் கொக்கி வெளிவரும். எறிந்து, நிறுத்தி, மெல்ல இழுத்து, மறுபடி நிறுத்த வேண்டும். தண்ணீர் வெடித்ததும் சுண்டிவிடாதீர்கள். ஒரு மூச்சு பொறுத்து, கனம் தெரிந்த பிறகு இழுங்கள். அவசரப்பட்டுத்தான் நான் அதிக மீன்களை இழந்திருக்கிறேன்.

மழைக்குப் பின் வாய்க்கால் தண்ணீர் தேநீர் நிறத்தில் இறங்கும் நாட்களில் கண்ணால் வேட்டையாடுவது மீனுக்குக் கஷ்டம். அப்போதுதான் தகடு சுழலும் இரை உதவும். அதன் அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டால் உணரும். வெயில் ஏறிய நேரத்தில் மதகடி ஆழத்தில் ரப்பர்ப் புழுவை, கொக்கி முனையை அதன் உடலுக்குள்ளேயே மறைத்து, மெதுவாக விடலாம். புல் பூண்டு அடர்ந்த குளத்துக்குத் தங்கூசியைவிடப் பின்னல் நூல் நல்லது. தங்கூசி இழுபடும், பெரிய விரால் அதற்குள் வேரில் சுற்றிக்கொள்ளும்.

மச்சானின் பெட்டியில் இருந்ததுபோன்ற செயற்கை இரைகளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1890களின் இறுதியில் மிச்சிகனில் ஜேம்ஸ் ஹெடன் என்பவர் மரத்தில் தவளை செதுக்கிப் பாஸ் பிடித்தார். அதிலிருந்து ஒரு பெரிய தொழிலே வளர்ந்தது. 1936இல் பின்லாந்தின் லௌரி ரபாலா, காயப்பட்டுத் தள்ளாடும் மீனையே பெரிய மீன் குறிவைப்பதைக் கவனித்து, தக்கையில் அதே தள்ளாட்டத்தைக் கொண்டுவந்தார். இரண்டு பேரும் மீனைப் பார்த்துப் படித்தவர்கள். நமது பெரியவரும் அப்படித்தான்.

எட்டு மணிக்கு முன் மச்சானுக்கு ஒரு விரால் கிடைத்தது. இரண்டாவதுக்குக் குறிபார்த்தபோது ஆற்றுவாழைக்கு அருகில் தண்ணீர் சிவந்து கொதிப்பதுபோல் தெரிந்தது. விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தவளையை எறிந்தால் பசியில்லாவிட்டாலும் காவல் மீன் பாய்ந்து கவ்வும். அது தெரிந்து எறிகிறவர்கள் நம்மூரில் கூடிவருகிறார்கள். இதை மீன்பிடித் திறமை என்று நான் ஏற்கமாட்டேன். காவல் போனால் கெளிறும் பாம்பும் கொக்கும் சேர்ந்து அந்தக் குஞ்சுகளை முடித்துவிடும்; இவ்வளவு சின்னக் குளத்தில் அடுத்த மாரிக்கு விரால் மிஞ்சாது. மச்சான் ஒன்றும் பேசாமல் நூலைச் சுருட்டினார்.

சம்மாந்துறை, வீரமுனை, காரைதீவு, நிந்தவூர்ப் பக்கம் தூண்டிலோடு போகும் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: முதலை உள்ள தண்ணீரில் காலை வைக்காதீர்கள். சிவப்புக் கூட்டத்தைக் கண்டால், குஞ்சுகள் நிறம் மாறிக் கலைந்துபோகும் வரை அந்த மூலைக்குத் தூண்டில் போடாதீர்கள்.